லைன் வீட்டுச் சத்தக்காரி

சத்தமாகப் பேசுகிறவர்கள் பக்கத்தில் என்னால் இன்றைக்கும் உட்கார முடியாது. பஸ்ஸில் ஒருத்தி செல்போனில் தன் குடும்பக் கதையை ஊருக்கே சொல்லிக்கொண்டு வந்தால் நான் எழுந்து போய் நின்றுகொள்வேன். ஏற்காட்டிலிருந்து சேலம் வரைக்கும், உட்கார இடம் இருந்தும், அத்தனை கொண்டை ஊசி வளைவுக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்திருக்கிறேன். என் மகளுக்கு இது வேடிக்கை. "அம்மாவுக்குக் காது நொம்ப சொகுசு" என்பாள். காதில் ஒன்றும் இல்லை. ஆனால் அதை அவளுக்குச் சொல்லப் போனால் அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். அக்காவைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

அந்த அக்காவுக்கு மெதுவாகப் பேச வராது. கோபக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். "சாப்டாச்சா கண்ணு?" என்று அன்பாகக் கேட்பதே மேல் ரோட்டில் போகிறவன் திரும்பிப் பார்க்கிற மாதிரி இருக்கும். சின்ன வயதிலிருந்தே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவள். இந்தச் சரிவில் நிற்பவள் எதிர்ச் சரிவில் நிற்பவளோடு பேச வேண்டுமென்றால் தொண்டையைத் திறந்துதான் ஆக வேண்டும். மற்றப் பெண்கள் வீட்டுக்கு வந்ததும் மூடிக்கொள்வார்கள். இவள் மூடவே இல்லை.

பெரிய உடம்பு. நெற்றி நிறையக் குங்குமம். கழுத்தில் மஞ்சள் கயிறு. மேலே ஆண்கள் போடுகிற ஒரு கம்பளி ஸ்வெட்டர், முழங்கை இரண்டும் பிய்ந்தது. புருஷன் வடக்கே லாரி ஓட்டுவதாகச் சொல்வாள். சேலத்துப் பக்கம் அது ஒன்றும் அதிசயம் இல்லை. லாரிக்காரன் பெண்டாட்டி என்றால் மாசக்கணக்கில் தனியாகத்தான் இருப்பாள், யாரும் தோண்டிக் கேட்டதில்லை. எங்கள் லைன் வீடுகளில் இருந்த பழக்கடைக்காரி ஒருத்தி மட்டும், "ஊட்டுக்காரரு வரப்ப ஒரு காஷ்மீர் சால்வ வாங்கியாரச் சொல்லுங்கக்கா" என்று வருஷா வருஷம் கேட்டுக்கொண்டிருப்பாள். அக்காவும் வருஷா வருஷம் "செரி, செரி" என்பாள்.

அவளுக்குப் பெயர் இருந்தது. நான் எழுதப் போவதில்லை. எங்கள் எல்லோருடைய ரகசியத்தையும் போட்டு உடைத்தவள் அவள். அவள் பெயரையாவது நான் மூடி வைக்கிறேனே.

கிளியூர் போகிற வழியில், ரோட்டுக்குக் கீழே சரிவில் இருந்தது எங்கள் லைன். ஒரே ஓட்டுக் கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறைகள். ஓனர் சேலத்தில் இருந்தார், அவர் முகத்தை நாங்கள் பார்த்ததே குறைவு. எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருந்து ரிட்டயரான ஒருவர்தான் அவருக்காக வாடகை வாங்குவார், அதிகாரம் பண்ணுவார். நுழைகிற இடத்தில் ஒரு தகரப் பலகையில் விதிகளை அவரே கையால் எழுதி மாட்டியிருந்தார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. விளக்கு வைத்த பிறகு இடிக்கக் கூடாது, ஆட்டக் கூடாது. விருந்தாளிகள் தங்கக் கூடாது. குடும்பஸ்தர்களுக்கு மட்டும். ஆணி அடிக்கக் கூடாது என்பதால் எங்கள் வீட்டுச் சாமி படமெல்லாம் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருக்கும். நாங்களும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தோம்.

நான் அங்கே வந்தது ஓட்டலில் சமையல் வேலை பார்த்த ஒருவனோடு. கையில் குழந்தை. வந்த கொஞ்ச நாளில், பெங்களூரில் பெரிய ஓட்டலில் வேலை கிடைத்திருக்கிறது, போய்விட்டு வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். போனவன் போனவன்தான். நான் ஒரு லாட்ஜில் பெட்ஷீட் மாற்றுகிற வேலையில் சேர்ந்தேன். கேட்கிறவர்களிடமெல்லாம் "அடுத்த மாசம் வர்றாருங்க" என்றேன். எந்த மாசத்துக்கு அடுத்த மாசம் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அக்காவின் வாயில் நான் முதன்முதலில் விழுந்தது குழாயடியில். காலையில் ஆணும் பெண்ணுமாகக் குடத்தோடு நிற்கிறோம். பனி இன்னும் விலகவில்லை. திடீரென்று அந்தக் குரல்.

"ஏங்கண்ணு, உனக்குப் பால் பத்தலையா? கொழந்த சிணுங்கிட்டே கெடக்குதே!"

ஏரியில் படகுக்கு டிக்கெட் கிழிக்கிறவர் எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பாவம் மனுஷன், தேய்த்த குடத்தையே குனிந்து மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார். எனக்கு அந்தக் குடத்துக்குள் தலையை விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

"இல்லக்கா, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று முணுமுணுத்தேன்.

"என்னத்த இல்ல? மூடி வெச்ச சோறு ஊசித்தான் போகும் சாமி. வாயத் தொறந்து சொல்லோணும். சொன்னாத்தான நாலு பேருக்குத் தெரியும்?"

நாலு பேருக்குத் தெரியக் கூடாது என்றுதானம்மா நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்! அதை அவளிடம் சொல்ல முடியுமா? சொன்னால் அதையும் கத்துவாள்.

சாயங்காலம் அந்த நாலு பேரும் வந்தார்கள். ஒருத்தி பூண்டுக் குழம்பு வைத்துக் கொண்டுவந்தாள். ஒருத்தி ராகிக் களி. கரடியூரிலிருந்து பலாவும் பேரிக்காயும் தலையில் சுமந்து விற்க வருகிற பெண் என்னவோ கீரை ஒரு கட்டுக் கொடுத்து, அரிசி கழுவிய தண்ணீரில் வேகவைத்துக் குடிக்கச் சொன்னாள். குழந்தைக்கு வயிறு நிரம்பியது, தூங்கியது. நான் மட்டும் கொஞ்ச நாள் அக்காவின் முகத்தைப் பார்க்காமலே குடம் தூக்கிக்கொண்டு போனேன். நல்லது செய்தவள் மேல் ஏன் இத்தனை ஆத்திரம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அவள் வழியே அதுதான். ஒருத்தர் வீட்டுக் கஷ்டத்தை எடுத்துத் தெருவில் வைப்பாள். வைத்தால் காரியம் நடந்துவிடும். கஷ்டப்பட்டவர் மட்டும் தலை நிமிர முடியாமல் திரிவார்.

கக்கூஸ் சாவி விஷயம் லைனில் எல்லோருக்கும் தெரியும். லைனுக்கென்று இருந்த கக்கூஸைப் பூட்டி ரைட்டர் சாவியைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். கண்டவர்கள் வந்து அசிங்கம் பண்ணுகிறார்களாம். அவசரம் என்றால் மேடேறி அவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும், அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு யார் என்று பார்த்துவிட்டு எடுத்துத் தருவார். எந்தப் பொம்பளை போய்க் கேட்பாள்? நாங்கள் விடியும் முன்னே காப்பிச் செடிகளுக்குள் போய் வந்தோம், அட்டை கடித்தாலும் சரி என்று.

அக்கா ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பிடித்தாள். சேலம் பஸ் கிளம்புகிற நேரம், ஜனங்கள் நிறைய.

"ஏனுங்க ரைட்டரே! கக்கூஸ் சாவி குடுத்துட்டு பஸ் ஏறுங்க! வயிறு கலக்குதுங்க! எனக்கு மட்டுமில்லீங்க, லைன்ல பாதிப் பேருக்குக் கலக்குது, நேத்து மொச்சக் கொழம்பு!"

பஸ்ஸுக்குள் சிரிப்பு அடங்கவே இல்லை. கண்டக்டர் விசில் ஊத மறந்தான். ஊருக்குப் போகும்போது கையோடு கொண்டுபோகிற சாவியை ரைட்டர் தூக்கி எறிந்துவிட்டு ஏறினார், அதற்குப் பிறகு அது எங்கள் கையிலேயே இருந்தது. நானும் அந்த பஸ் ஸ்டாண்டில்தான் நின்றிருந்தேன். மொச்சைக் குழம்பு வைத்துக் கொடுத்தது நான். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நழுவிவிட்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவள் வாயில் தங்கிய விஷயமும் ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் எனக்குக் கடும் காய்ச்சல். அக்காதான் வந்து வெந்நீரில் துணி நனைத்து உடம்பு துடைத்துவிட்டாள். ரவிக்கையைத் தளர்த்தியபோது என் கழுத்துச் சங்கிலி வெளியே வந்தது. கவரிங் சங்கிலி. அதன் நுனியில் தாலி இருப்பதாக ஊர் நினைத்துக்கொள்ளட்டும் என்று எப்போதும் அதை உள்ளே தள்ளியே வைத்திருப்பேன். நுனியில் ஒன்றும் இல்லை. அவள் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போட்டு, முந்தானையை இழுத்து மூடிவிட்டாள். நாளைக்குக் குழாயடியில் நாறப் போகிறது என்று காய்ச்சலோடு நடுங்கிக்கொண்டு கிடந்தேன். நாறவில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை. அதனால்தான் நான் அவளை நம்பினேன்.

லைனை விற்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. இடித்துவிட்டு யாரோ லாட்ஜ் கட்டப் போகிறார்களாம். அவரவர் அவரவர் வீட்டுக்குள் உட்கார்ந்து அழுதோம். மலையில் வாடகைக்கு அறை கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை, கீழே சேலத்துக்குப் போனால் பிழைப்பு இல்லை. அக்கா அழவில்லை. விவசாயிகள் சங்கத்துக் கணக்குப் பார்க்க மலைக்கு வந்திருந்த கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க சார், குடியானவங்களுக்கு சங்கம் வெக்கறீங்க. குடியிருக்கறவங்களுக்கு வெக்க மாட்டீங்களா?"

அவர் டீயைக் கீழே வைத்தார். வைக்கலாம் என்றார். நல்ல மனுஷன், மென்மையாகப் பேசுகிறவர். சங்கத்து சார் என்று நாங்கள் பெயர் வைத்தோம். பஸ் ஏறி வந்து வந்து சொல்லிக்கொடுத்தார். எல்லோரும் பங்கு போட்டு வீட்டுவசதி சங்கம் ஆரம்பிக்கலாம், சங்கம் கடன் வாங்கி லைனை வாங்கும், வீடு சங்கத்துக்குச் சொந்தம், சங்கம் உங்களுக்குச் சொந்தம், ஆளுக்கொரு ஓட்டு என்றார்.

படகு டிக்கெட்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப ஓனரு யாருங்க?" என்றார்.

"நீங்கதாங்க."

"அது செரிங்க சார். ஓனரு யாருங்க?"

கடனுக்காகப் பார்வையிட அதிகாரிகள் வந்தபோது அக்கா அவர்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. நேரே என் அறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தாள். கூரை ஒழுகி நனைந்த மெத்தையைப் புரட்டிக் காட்டினாள். "தொட்டுப் பாருங்க சார், இதுலதான் பச்சக் கொழந்த படுக்குது!" ஒருவர் தொட்டும் பார்த்தார். கயிற்றில் என் உள்பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. மலையில் துணி சீக்கிரம் காயாது, என்ன செய்ய? நான் மூலையில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கம் பதிவானதும் கடன் தருகிறோம் என்றார்கள். ஓனரிடமும் அவளே சேலத்துக்குப் போய்ப் பேசினாள். அவர் வீட்டு வாசலில் நின்று தெருவுக்கே கேட்கப் பேசியிருப்பாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கே தருகிறேன், முதலில் இந்த அம்மாவைப் போகச் சொல்லுங்கள் என்று ஒத்துக்கொண்டாராம்.

இப்படி ஒவ்வொன்றாக அவள் சத்தம் போட்டுத்தான் சங்கம் வந்தது. இல்லையென்று யார் சொன்னாலும் நாக்கு அழுகிவிடும்.

சங்கத்துக்கு விதி எழுத ஒரு மத்தியானம் எல்லோரும் கூடினோம். லைனிலேயே ஒரு அறையில் மெஸ் நடத்தியவரை மெஸ் அண்ணன் என்போம். கொஞ்சம் படித்தவர், வசதி உள்ளவர். அவர் அறைக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தோம். வெளியே தூறல்.

சார் பேனாவைத் திறந்துகொண்டார். "இது உங்க சங்கம். இலாகா விதி தனியா இருக்குது. உங்க லைனுக்கு என்ன விதி வேணும்னு நீங்க சொல்லுங்க. உங்களுக்கு எப்படி இருந்தா நல்லா இருக்கும்?"

எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மெஸ் அண்ணன்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுங்க சார்."

"ஆமாங்க, ஆணி அடிக்கக் கூடாதுங்க" என்று நாலா பக்கமும் சொன்னார்கள்.

சார் தலையைத் தூக்கினார். "ஏங்க, உங்க சுவருதானே?"

"அதுக்குன்னு அடிச்சர முடியுங்களா?" என்றாள் பழக்கடைக்காரி. அவளுக்கு மனசே ஆறவில்லை.

பிறகு மடமடவென்று வந்தது. விளக்கு வைத்த பிறகு இடிக்கக் கூடாது. விருந்தாளி தங்கக் கூடாது. தகரப் பலகையைப் பார்க்காமலே வரிசை தப்பாமல் ஒப்பித்தோம். வாடகைக்காரர்களாகவே இருந்தவர்களுக்கு வேறு என்ன விதி தெரியும்? நானும் தலையாட்டினேன். சார் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எழுதிக்கொண்டிருந்தார். வழக்கமாக முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் பேசுகிற அக்கா அன்றைக்கு வாயே திறக்கவில்லை. பல்வலி போல என்று நினைத்தேன்.

"குடும்பஸ்தர்களுக்கு மட்டும்னு போடுங்க சார்" என்றார் மெஸ் அண்ணன். "இல்லாட்டி கண்டதும் வந்து பூந்துரும்."

அதுவும் ஆமாங்க ஆனது.

அதற்குப் பிறகு வீட்டுக்கு ஒரு பெயராகச் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். ஆண்கள் போய்க் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டு வந்தார்கள். என் முறை வந்தது. மகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க ஊட்டுக்காரரு வரலீங்களா?" என்றார் மெஸ் அண்ணன்.

"அடுத்த மாசம் வர்றாருங்க."

"எந்த மாசத்துக்கு அடுத்த மாசமுங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சார், அவரு வந்து கையெழுத்துப் போடட்டும். அது வரைக்கும் அந்த ரூம் நிக்கட்டும். எம்பட மச்சினன் ஒருத்தன் ஊடு இல்லாம பொண்டாட்டி புள்ளையோட திண்டாடறான். குடும்பஸ்தன்."

அந்த அறை போனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன்? எங்கள் வீட்டில் என்னைத் தலைமுழுகி விட்டார்கள். லாட்ஜ் படிக்கட்டுக்குக் கீழேதான் படுக்க வேண்டும். ஏதாவது பொய் சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.

"அவன் வர மாட்டானுங்க!"

அக்காதான். எழுந்து நின்றிருந்தாள்.

"வந்தாலும் அவன் இவளுக்குப் புருசன் இல்லீங்க. தாலியே கட்டல. இவ கழுத்துல கெடக்கறது வெறும் கவரிங் சங்கிலி. பங்க இவ பேருல எழுதுங்க சார். வேல செய்யறவ இவ, வாடக குடுத்தவ இவ!"

அடிப்பாவி! இத்தனை நாள் உள்ளே வைத்திருந்தது இதற்குத்தானா? பூண்டுக் குழம்பு கொண்டுவந்து கொடுத்தவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் தன் பாயைக் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டாள். என் கை தானாகச் சங்கிலியைத் தேடிப் போய் ரவிக்கைக்குள் தள்ளியது. இனிமேல் தள்ளி என்ன பிரயோஜனம்?

"பாத்தீங்களா சார்?" என்றார் மெஸ் அண்ணன். "இதுக்குத்தான் குடும்பஸ்தர்னு போடச் சொன்னது. பொம்பளப் புள்ளைங்க இருக்கற எடம்."

"அப்ப எம்பட பேரையும் அடிச்சிருங்க சார்" என்றாள் அக்கா.

"உங்களுக்கென்னங்க அக்கா, லாரிக்காரரு..."

"லாரியும் இல்ல, லோடும் இல்ல. வடக்க எனக்கு யாருமே இல்லீங்க. இந்தக் கயித்த சேலத்துக் கடைவீதியில நானே வாங்கி, சேர்வராயன் கோயில்ல நின்னு நானே கட்டிக்கிட்டேன். ஏன்னு கேளுங்க. ஊடு கேட்டு ஏறாத வாசல் இல்ல. தனிப் பொம்பளைக்கு இல்லேன்னாங்க. இங்க வந்தன். ரைட்டரு அந்தப் பலகையப் படிச்சுக் காட்டுனாரு. திரும்பிப் போயிக் கயித்தக் கட்டிக்கிட்டு வந்து, நானும் குடும்பந்தானுங்கன்னேன். தொறந்து உட்டாரு. இப்ப நாமளே ஓனரு ஆயிட்டு அந்தப் பலகையவே எழுதறமே, வெக்கமா இல்லீங்களா?"

இதையும் அதே குரலில்தான் சொன்னாள். மேல் ரோட்டில் நடந்து போன யாரோ டூரிஸ்ட் குடையைச் சாய்த்துக் கீழே எட்டிப் பார்த்தான். அவளை விட்டுவிட்டுச் சங்கம் நடக்காது என்று மெஸ் அண்ணனுக்குத் தெரியும். ஓனரோடு பேசியது அவள், கிரயம் இன்னும் முடியவில்லை. சார் அந்தக் குடும்பஸ்தர் வரியை அடித்தார். என் பெயரை எழுதினார். தகப்பன் பெயர் கேட்டார், சொன்னேன். புருஷன் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுத்துவிட்டு, "இங்க கையெழுத்துப் போடும்மா" என்றார்.

வீடு கிடைத்துவிட்டது. நான் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். அவள் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

"ஏனக்கா சொன்ன? உன்னைய யாரு கேட்டா?"

"பின்ன? ஊடு போயிருக்குமே கண்ணு."

"போனாப் போகட்டும்!"

"ஊடு வேண்டாம்னு சொல்றதுக்கு நீயென்ன மகாராணியா? கொழந்தைய மழையில வெச்சுக்குவியா?" என்று சிரித்தாள்.

"உன்னுத மட்டும் சொல்லியிருக்கலாமல்ல? அதே போதுமே. என்னுத எதுக்கு மொதல்ல இழுத்த?"

சிரிப்பு நின்றுவிட்டது. அடுப்பில் விறகைத் தள்ளினாள், திரும்ப இழுத்தாள். "உன்னுதச் சொன்னப்பறந்தான் சாமி, எம்படதச் சொல்றதுக்குத் தைரியம் வந்துது" என்றாள்.

இதை நான் எத்தனையோ தரம் புரட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு சமயம் கோபம் வருகிறது. ஒரு சமயம், அவள் எங்கள் எல்லோருடைய கதையையும் கத்திக்கொண்டு திரிந்ததே தன் கதையைச் சொல்ல முடியாமல்தானோ என்று தோன்றுகிறது. எது சரி என்று அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கிரயம் முடிந்தது. வருஷக்கணக்காகக் குடியிருந்த வீட்டிலேயே நாங்கள் புதுசாகப் பால் காய்ச்சினோம்! குளித்து, கோலம் போட்டு, ஒரே அமர்க்களம். முதல் அடுப்பைப் பற்றவைக்க ஒரு சுமங்கலி வேண்டும் என்றார்கள். வேறு நாளாக இருந்தால் பேச்சே இல்லை, அக்காதான். அன்றைக்கு ரைட்டர் பெண்டாட்டியைப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் கக்கூஸைப் பூட்டி வைத்தவர் வீட்டம்மா வந்து எங்கள் அடுப்பைப் பற்றவைத்தாள். அக்கா பின்னால் நின்று விறகு எடுத்துக் கொடுத்தாள். பழக்கடைக்காரி அவளோடு பேசுவதையே விட்டுவிட்டாள். கயிற்றுக்காகக்கூட இல்லை, சால்வை விஷயத்தில் இத்தனை வருஷம் ஏமாற்றிவிட்டாளாம்! "சாப்டாச்சா?" என்று அக்கா கத்தினால் முன்பெல்லாம் நாலு வீட்டிலிருந்து பதில் வரும். இப்போது அந்தக் குரல் தனியாகப் போய்ச் சரிவில் விழும்.

அவள் ரொம்ப வருஷம் லைனின் கடைசி அறையில்தான் இருந்தாள். பழம் பறிக்கப் போனாள், வந்தாள். கால் வீங்கி, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. அவள் அறையைச் சங்கம் இப்போது ஒரு நர்ஸ் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறது. தனியாக இருக்கிறாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சுவர் முழுக்க ஆணி அடித்து என்னென்னவோ மாட்டியிருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் என்னால் மறக்க முடியாதது, பால் காய்ச்சிய கையோடு நடந்த சங்கத்தின் முதல் தேர்தல். தலைவர் பதவிக்கு மெஸ் அண்ணன் நின்றார். அக்காவின் பெயரைச் சார்தான் சொன்னார், வேறு யாரும் சொல்லவில்லை. கையைத் தூக்கி ஓட்டுப் போட வேண்டும். மெஸ் அண்ணனுக்கு யார் என்றதும் பாய் நெடுகக் கைகள் எழுந்தன. என் மெத்தையைப் புரட்டிக் காட்டி யாருக்காகக் கடன் வாங்கினாளோ, யாருக்காகச் சாவி வாங்கினாளோ, அவர்கள் எல்லோர் கையும்.

"அம்மாவுக்கு ஆதரவு யாருங்க?" என்றார் சார்.

மடியில் மகளை வைத்துக்கொண்டே நான் கையைத் தூக்கினேன். அன்றைக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. என் கை ஒன்றுதான். எல்லாத் தலையும் திரும்பியது. பின்னாலிருந்து ஒரு பெண், "இனம் இனத்தோட, வெள்ளாடு தன்னோட" என்றாள். கொல்லென்று சிரித்தார்கள். என் முகம் எரிந்தது. தூக்கிய கையை வைத்திருக்கவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. அது யாருடைய கையோ போல மேலே நின்றுகொண்டிருந்தது.

அக்கா எழுந்தாள். உட்கார்ந்திருந்தவர்களை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"இவ எனக்குப் போடலீங்க சார்!" என்றாள், லைனுக்கே கேட்கிற மாதிரி. "கொழந்தைக்குக் கொசு ஓட்டுனா. ஏகமனசா மெஸ்காரருக்கேன்னு எழுதிக்குங்க."

இல்லை சார், நான் போட்டேன் என்று சொல்ல வேண்டும். நாலே வார்த்தை. சார் என்னைப் பார்த்தார், நான் சொல்வேனோ என்று கொஞ்சம் காத்திருந்தார், பிறகு குனிந்து எழுதிக்கொண்டார்.

எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. தட்டி முடிகிற வரைக்கும் அக்கா என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள், அதனால்தான். விட்டிருந்தால் நானும் தட்டியிருப்பேன்.